ஒரு தாங்கிப் பெற்றோல்

யசோதரன் ஆஸ்திரேலியாவுக்கு வந்த பன்னிரண்டு வருடங்களில், அவன் எத்தனை கிலோ என்று இரண்டு பேர்தான் கேட்டிருக்கிறார்கள். முதலாவது, படகிலிருந்து இறக்கிய அன்று தடுப்பு முகாமில் நின்ற ஒரு தாதி. இரண்டாவது, மெல்பேர்ணின் ட்ருகனினாவில் அவன் வேலை செய்த கராஜின் முதலாளி விக்னராஜா. தாதி கேட்டபோது நாற்பத்தாறு. விக்னராஜா கேட்டபோது ஐம்பத்து நான்கு.

விக்னராஜா தன் வீட்டுக் குளியலறைத் தராசைக் கொண்டுவந்து கராஜின் சீமெந்துத் தரையில் வைத்து, ஒவ்வொருவராக ஏறச் சொன்னார். முதலில் தானே ஏறினார். தொண்ணூற்றாறு. வயிற்றைத் தடவிச் சிரித்தார். அடுத்தது கியர்பொக்ஸ் வேலை பார்க்கும் லதீஸ். எண்பத்திரண்டு. கடைசியாக யசோதரன் ஏறினான்.

"அம்பத்திநாலு. அதுவும் சப்பாத்தோட," என்று விக்னராஜா குனிந்து வாசித்தார். "முடிஞ்சுது கதை. நீர்தான் ஓடுறீர்."

விக்னராஜா ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. எண்பதுகளில் படிக்க வந்து, வீதித் திணைக்களத்தில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கோயில் நிர்வாக சபையில் இருந்தார். வேகமான கார்கள் மீது ஆசை, ஆனால் ஸ்பானர் பிடிக்கத் தெரியாது. அதனால் கராஜை வாங்கி, பிடிக்கத் தெரிந்தவர்களை வேலைக்கு வைத்தார். வாடிக்கையாளர்கள் வந்தால் யசோதரனின் தோளில் கையைப் போட்டு அறிமுகப்படுத்துவார். "இவர் படகில வந்தவர். டீசலை மணந்து பாத்துப் பாத்து ஊத்தி, அந்தக் கடல் முழுக்கத் தாண்டினவர். பெற்றோல் மிச்சம் பிடிக்க இவரை விட்டால் ஆளில்லை." கேட்பவர்கள் சிரிப்பார்கள். யசோதரனும் சிரிப்பான்.

அவர் சொன்னது பகிடிதான் என்றாலும் பொய்யில்லை. பருத்தித்துறையில் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்திக்கொண்டிருந்தவன் யசோதரன். அந்தப் பயணத்தில் பதினெட்டு நாளும் எஞ்சினோடு இருந்தவன் அவன்தான். பாதி வழியில் டீசல் போதாது என்று தெரிந்ததும் எஞ்சினின் சுற்றைக் குறைத்து, வேகத்தை விட்டுக்கொடுத்து, காதால் கேட்டுக் கேட்டே அறுபத்தொரு பேரைக் கரை சேர்த்தான். அவர்களில் பலருக்கு இப்போது நிரந்தர விசா. அவனுடைய அகதி வழக்கோ மறுக்கப்பட்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நீட்டப்படும் தற்காலிக விசாவில், மனைவி வசந்தினியோடு வெரிபீயில் ஒரு வீட்டின் பின்பகுதியில் குடியிருந்தான். கடைசி வழியாக ஒரு மேல்முறையீட்டு விண்ணப்பம் இருந்தது. அதற்கு ஒரு நல்ல கடிதம் வேண்டும், இவன் அருமையான தொழில் தெரிந்தவன், இவனில்லாமல் எங்களுக்குக் கஷ்டம் என்று. "அந்தக் கடிதம் நான் தாறன், யோசியாதையும்," என்று விக்னராஜா மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தராசு கராஜுக்கு வந்த கதைக்குக் காரணமும் யசோதரனின் வாய்தான்.

விக்னராஜாவிடம் ஒரு மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டு கதவு, எட்டு சிலிண்டர், மேலே ஒரு சுப்பர்சார்ஜர். சுப்பர்சார்ஜர் என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற பொறி. காற்று கூடினால் பெற்றோலும் கூட எரியும், கார் பறக்கும். ஆனால் அந்தப் பொறியைச் சுற்றுவதும் அதே எஞ்சின்தான், ஒரு பெல்ற்றால். எஞ்சினுக்குப் பலம் கொடுப்பதற்கு முன்னால் எஞ்சினிடமிருந்தே பிடுங்கித் தின்னும். அதனால்தான் அப்படியான கார்கள் பெற்றோலைத் தண்ணீராகக் குடிக்கின்றன.

சிட்னியிலிருந்து ஒரு கல்யாணத்துக்கு வந்த டொக்டர் ஸ்ரீகாந்தன் கராஜுக்கும் வந்தார். விக்னராஜாவோடு படித்தவர், பென்டில் ஹில்லில் இருப்பவர், அவரும் கார்ப் பைத்தியம். மஞ்சள் காரைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, "விக்கி, இது பெற்றோல் ஸ்ரேஷனுக்குள்ளயே குடியிருக்கிறவைக்குத்தான் சரி," என்றார். "சிட்னியில இருந்து வெளிக்கிட்டால் யாஸ் ரவுணைத் தாண்டாது."

விக்னராஜாவின் முகம் சிறுத்துப்போனது. பொனற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த யசோதரனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவனாகவே தலையை வெளியே எடுத்தான்.

"டொக்டர், இதை ஒரே தாங்கியில உங்கட வாசல்ல இருந்து இந்த வாசலுக்குக் கொண்டு வரலாம்."

டொக்டர் அவனை அப்போதுதான் பார்த்தார். "எண்ணூற்றி அறுபது கிலோமீற்றர் தம்பி. எழுபது லீற்றர் தாங்கி."

"ஓம். காலை மெதுவா வைச்சால் சார்ஜருக்குப் பக்கத்தில ஒரு சின்னக் கதவு திறக்கும். காத்து அதுக்காலயே சுத்தித் திரும்பும், சார்ஜர் சும்மா உருளும், தின்னாது. அந்தக் கதவு மூடாமல் ஓடத் தெரியோணும். அவ்வளவுதான்."

அப்படிச் சொல்ல அவனுக்கு எந்தத் தேவையும் இருக்கவில்லை. தனக்குத் தெரிந்த ஒன்றைத் தெரியாத பெரிய மனிதர்கள் தவறாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள், அது பொறுக்கவில்லை. இரண்டு பெரியவர்களும் அந்த இடத்திலேயே பந்தயம் பிடித்தார்கள். தோற்றவர், கோயில் தேர்த் திருவிழாவன்று, வாகனத் தரிப்பிடத்தில் எல்லோரும் பார்க்க மற்றவரின் காரைக் கழுவ வேண்டும்.

மூன்று கிழமை யசோதரன் அந்தக் காரிலேயே கிடந்தான். கணினியை இணைத்து, ஒரு பங்கு பெற்றோலுக்கு எத்தனை பங்கு காற்று என்ற கணக்கை ஒவ்வொரு வேகத்துக்கும் புதிதாக எழுதினான். ரயரில் காற்றைக் கூட்டினான். பக்கத்து இருக்கை, மேலதிகச் சில்லு, தரை விரிப்பு எல்லாவற்றையும் கழற்றினார்கள். முன் வலைச்சட்டத்துக்குள் காற்று புகுந்தால் கார் இழுபடும் என்று விக்னராஜா எங்கோ வாசித்துவிட்டு, அதைக் கறுப்பு ரேப்பால் ஒட்டச் சொன்னார். முழுவதும் ஒட்டினால் எஞ்சின் சூடேறும் என்று யசோதரன் சொன்னான். "நீர் மெதுவாத்தானே ஓடப்போறீர்," என்றார் விக்னராஜா. ஒட்டினார்கள்.

வசந்தினி ஆஸ்பத்திரித் துணிகள் தோய்க்கும் தொழிற்சாலையில் வேலை செய்தாள். அவள் கேட்டது ஒரே கேள்விதான். "அவற்ற காருக்கு அவற்ற பந்தயம். ஏன் அவர் ஓடேல்லையாம்?"

"அவர் பாரம்."

"பாரமெண்டால் மெலியட்டும்," என்றுவிட்டு அவள் சோற்றைப் போட்டாள்.

ஜனவரி மாதத்து ஒரு சனிக்கிழமை, காலை ஆறு மணிக்கு, பென்டில் ஹில்லில் டொக்டரின் வீட்டு வாசலில் கார் நின்றது. அன்று உள்நாடு முழுவதும் நாற்பத்து மூன்று பாகை போகும் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். வழியில் திறக்காமல் இருக்க, டொக்டர் பெற்றோல் மூடியின் மீது காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்ரரை ஒட்டி அதில் கையெழுத்து வைத்தார். யசோதரன் ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டைக் காருக்குள் வைத்தான். விக்னராஜா உள்ளே குனிந்து ஒன்றை எடுத்துக்கொண்டார்.

"ஒண்டரைக் கிலோ," என்றார் அன்பாக. "ஒண்டு காணும். தண்ணி குடிச்சால் இறங்கோணும் எண்டு வரும். இறங்கினால் பந்தயம் போச்சு. ஏசியும் வேண்டாம், கண்ணாடியும் திறக்க வேண்டாம். போனை ஸ்பீக்கரில வைச்சிரும்."

அவரும் டொக்டரும் குளிர்ந்த காரில் பின்னால் வந்தார்கள். டொக்டர் வீடியோ எடுத்துக்கொண்டு வந்தார்.

கோல்பேர்ண் வரை யசோதரனுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. எண்பத்தைந்துக்கு மேல் போகாமல், இடது ஓரமாக, பார லொறிகள் ஹோர்ன் அடித்துக்கொண்டு கடந்து போக, அவன் வலது காலின் பெருவிரலால் மட்டும் ஓட்டினான். ஏற்றத்தில் கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்து, இறக்கத்தில் வாங்கிக்கொண்டான். நூறு கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்று காட்டும் திரையில் ஏழு புள்ளி எட்டு என்று நின்றது. எட்டு புள்ளி ஒன்றைத் தாண்டாவிட்டால் போதும். அந்தச் சின்னக் கதவு திறந்தே இருப்பதை அவன் காதால் அறிந்தான். சார்ஜர் சிணுங்கவில்லை.

கண்டகாய் கழிந்ததும் வெயில் ஏறியது. ஹோல்புறூக்கில் பின்னால் வந்தவர்கள், "நாங்கள் சாப்பிட்டிட்டு வந்து பிடிக்கிறம், நீர் போய்க்கொண்டிரும்," என்று ஒதுங்கினார்கள். அவர்கள் இல்லாத அந்த முக்கால் மணிநேரத்தில் அவன் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கினான். வந்த காற்றும் அடுப்புக் காற்றாகவே இருந்தது, ஆனாலும் காற்று. திரையில் ஏழு புள்ளி எட்டு, ஏழு புள்ளி ஒன்பதானது. அவன் கண்ணாடியை ஏற்றிவிட்டான். யாரும் சொல்லவில்லை. அவனாகத்தான் ஏற்றினான்.

அல்பெரி தாண்டும்போது தண்ணீர் முடிந்திருந்தது. வங்கரட்டா தாண்டியதும் எஞ்சினின் சூட்டு முள் ஏறத் தொடங்கியது. யசோதரன் போனில் சொன்னான். "ஐயா, சூடு ஏறுது. நிப்பாட்டி அந்த ரேப்பைக் கிழிக்கோணும். ரெண்டு நிமிஷம்."

"நிப்பாட்டக் கூடாது எண்டு பந்தயத்தில எழுதியிருக்கு," என்றார் விக்னராஜா. சாப்பிட்ட களைப்பு அவர் குரலில் இருந்தது. "ஹீற்றரைப் போடும்."

"ஐயா?"

"ஹீற்றர். எஞ்சின்ர சூடுதானே உள்ளுக்க வாறது. முழுசாத் திறந்து விட்டால் எஞ்சின் குளிரும். நீர் மெக்கானிக், உமக்கு நான் சொல்லித் தரோணுமே."

அது உண்மைதான். பழைய கார் ஓட்டும் எவருக்கும் தெரிந்த வேலை. எஞ்சினின் சூட்டை எடுத்து ஆள் இருக்கும் இடத்தில் ஊதிவிடுவது. நாற்பத்து மூன்று பாகை வெயிலில், மூடிய கண்ணாடிக்குள், யசோதரன் ஹீற்றரை முழுதாகத் திறந்தான். முள் நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. அவனுடைய முழங்கால்களில் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. சேர்ட் நனைந்து, பிறகு காய்ந்து, பிறகு நனையவேயில்லை.

பெனல்லாவுக்கு அருகில் அவன் கார் வீதியின் வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஒருமுறை விலகிப்போவதைப் பின்னால் இருந்து பார்த்தார்கள். ஸ்பீக்கரில் டொக்டரின் குரல் வந்தது. "தம்பி, தலைச்சுத்து இருக்கோ?"

"இல்லை டொக்டர்."

"அப்ப ஓகே."

டொக்டர் மறுபடி வீடியோ எடுக்கத் தொடங்கினார்.

யூரோவா வரை ஒன்றேகால் மணிநேரம் அவன் அந்தச் சூட்டில் இருந்தான். பின்னேரம் மேற்கே முகில் கட்டி வெயில் தணிந்தபோது ஹீற்றரை நிறுத்தினான். அதன் பின் ஓடியதில் பாதி அவனுக்கு நினைவில்லை. சீமோர் நினைவில்லை. ஆனால் திரையில் எட்டு புள்ளி பூச்சியம் என்று இருந்தது நினைவிருக்கிறது. நாலே முக்காலுக்கு மஞ்சள் கார் ட்ருகனினாவில் கராஜ் வாசலுக்குள் நுழைந்தது. தாங்கியில் இன்னும் ஒன்றரை லீற்றர் மிச்சம் இருந்தது.

கதவைத் திறந்த லதீஸ், யசோதரன் இறங்குவான் என்று நின்றான். அவன் சரிந்தான். தோல் சுட்டது, ஒரு துளி வேர்வை இல்லை. லதீஸ் அவனைத் தூக்கி நிழலில் கிடத்தி, ஹோஸ் பைப்பால் தண்ணீரைப் பிடித்துக்கொண்டே அம்புலன்ஸுக்குப் போன் எடுத்தான்.

"லதீஸ், ஒரு அஞ்சு நிமிஷம் பொறும்," என்றார் விக்னராஜா. அவர் மஞ்சள் காருக்குள் ஏறி உட்கார்ந்து, ஸ்ரியறிங்கில் கை வைத்து, திரையைக் காட்டிக்கொண்டிருந்தார். டொக்டர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். "சைரன் சத்தம் வீடியோவில விழும்."

லதீஸ் பொறுக்கவில்லை. விலாசத்தைச் சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தான். இன்னும் பத்து நிமிடம் தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்று ஆஸ்பத்திரியில் பிறகு வசந்தினியிடம் சொன்னார்கள்.

உயிர் தப்பியது, சிறுநீரகங்கள் தப்பவில்லை. சூட்டில் தசை கரைந்து இரத்தத்தில் கலந்து அவற்றை அடைத்துவிட்டது என்று விளக்கினார்கள். கிழமையில் மூன்று நாள், நாலரை மணிநேரம், ஒரு மெஷின் அவனுடைய இரத்தத்தை எடுத்துச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஆகிவிட்டது.

மூன்றாம் கிழமை விக்னராஜா பழக்கூடையோடு வார்டுக்கு வந்தார். கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு இருந்து போனில் வீடியோவைக் காட்டினார். மஞ்சள் கார், பின்னணியில் சங்கீதம், கடைசியில் அவருடைய சிரிப்பு. "நாலு லட்சம் பேர் பாத்திருக்கினம். உமக்கு நம்பேலாமல் இருக்கும், கராஜில இப்ப கார் விட இடமில்லை." பிறகு ஒரு கடதாசியை எடுத்தார். அன்றைய தினம் வேலை நாள் அல்ல என்றும், யசோதரன் தன் விருப்பத்தின் பேரில், நட்புக்காக ஓடினான் என்றும் அதில் இருந்தது. "இதில ஒரு கையெழுத்து வைச்சீர் எண்டால், நான் உம்மட விசாக் கடிதத்தை அடுத்த கிழமை தாறன்."

வசந்தினி கடதாசியை வாங்கி ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசித்தாள். "இது பொய்யெல்லோ," என்றாள்.

"தங்கச்சி, இது ஒரு சம்பிரதாயம்," என்றார் அவர்.

யசோதரன் கையெழுத்து வைத்தான்.

ஏப்ரலில் அவன் வீட்டுக்கு வந்துவிட்டான். கராஜில் அவனுடைய கணினிக்கு முன்னால் இப்போது லதீஸை இருத்தியிருந்தார்கள். லதீஸுக்குக் கியர்பொக்ஸ் தெரியும், காற்றுக் கணக்குத் தெரியாது. வீடியோவைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் தங்கள் சுப்பர்சார்ஜர் கார்களுக்கும் அதே மாதிரிப் பெற்றோல் மிச்சம் வேண்டும் என்றார்கள். லதீஸ் போன் எடுப்பான். யசோதரன் ஆஸ்பத்திரியில் மெஷினுக்குப் பக்கத்தில், கையில் குழாய்களோடு சாய்ந்து படுத்தபடி இலக்கங்களைச் சொல்லுவான். மெதுவாக ஓடும்போது பதினைந்து பங்கு காற்று. காலை அழுத்தி, சார்ஜர் காற்றைத் திணிக்கத் தொடங்கியதும் பதினொன்றரை. அந்த நேரத்தில் பெற்றோலைக் கூட்டித்தான் கொடுக்க வேண்டும். குறைத்தால் சிலிண்டருக்குள் சூடு ஏறி பிஸ்ரன் உருகிவிடும். ஆறு கார்களுக்கு அவன் அப்படிச் சரியாகவே சொன்னான். சொல்லும்போது அவனுக்குக் கொஞ்சம் உசாராகக்கூட இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் லதீஸ் வீட்டுக்கு வந்து, ஆறிப்போகாமல் துணியில் சுற்றிய உணவுப் பெட்டியைத் தந்துவிட்டுப் போவான். உப்பில்லாமல் அவனுடைய மனைவி ராகவி சமைத்தது.

விசாக் கடிதம் மே மாதம் தபாலில் வந்தது. ஒரே பக்கம். சட்டத்தரணியின் உதவியாளர் போனில் வாசித்துப் பொருள் சொன்னாள். யசோதரன் என்பவர் அவ்வப்போது கராஜுக்கு வந்து கூட்டித் துடைத்து உதவியவர், நல்ல குணமுள்ளவர், என்று எழுதியிருந்தது. எஞ்சினைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒரு தொழிலாளி என்று சொன்னால் அந்த நாளுக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டிவரும் என்று விக்னராஜாவுக்கு யாரோ புத்தி சொல்லியிருக்க வேண்டும்.

"இந்தக் கடிதத்தால பிரயோசனம் இல்லை," என்றாள் அந்தப் பெண். "குடுக்காமல் விடுறது நல்லம்."

யசோதரன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. "கூட்டித் துடைச்சனானாம்," என்று இரண்டு தரம் சொன்னான். வசந்தினி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் மெஷினில் இருக்கும்போது லதீஸின் போன் வந்தது. வசந்தினி அன்று வேலைக்கு லீவு போட்டுப் பக்கத்தில் இருந்தாள். ஜீலோங்கிலிருந்து ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் விலை கூடிய கார் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார், நாளைக்கே வேண்டுமாம் என்றான் லதீஸ். யசோதரன் வழக்கம்போலச் சொல்லத் தொடங்கினான். மெதுவான ஓட்டத்துக்குப் பதினைந்து. பிறகு கொஞ்சம் நின்றான்.

"அழுத்தினால் எவ்வளவு அண்ணை?"

"பதிமூண்டரை," என்றான் யசோதரன்.

"பதி...?"

"பதிமூண்டரை."

போனை வைத்ததும் அவனுக்கு மார்புக்குள் ஏதோ இலேசானது. விக்னராஜாவின் பெயர் போட்ட கராஜ், விக்னராஜாவின் பெயர் போட்ட ரசீது. எஞ்சின் போனால் அவருடைய முகம்தானே போகும். லதீஸை அவன் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் என்ன செய்திருப்பான் என்று அவனுக்கே தெரியாது.

நாலாம் நாள் அந்தக் கார் ஜீலோங் வீதியில், நடுப்பாதையில், முழு வேகத்தில் போகும்போது எஞ்சின் இறுகி நின்றது. எட்டில் மூன்று பிஸ்ரன்கள் மெழுகாக உருகியிருந்தன. ஓட்டியவர் ஓரத்துக்கு எடுத்துத் தப்பிவிட்டார். விக்னராஜாவுக்குக் காப்புறுதி இருந்தது. அவர் வழக்கம்போலச் சத்தம் போடவில்லை. லதீஸைக் கூப்பிட்டு, அவன் கைப்பட எழுதிய இலக்கத்தைக் காட்டினார். உடுப்பை மாற்றிக்கொண்டு போகச் சொன்னார். அன்று பின்னேரமே, தமிழ்க் கராஜ்காரர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் லதீஸின் படத்தைப் போட்டு, வேண்டுமென்றே வாடிக்கையாளரின் எஞ்சினை நாசம் செய்தவர், ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள் என்று எழுதினார். கோயில் குழுவிலும் அதே படம் போனது. இரண்டு மாதம் மேற்கு மெல்பேர்ண் முழுவதும் அலைந்தும் லதீஸை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை அவன் கடைசி முறையாக வந்தான். உணவுப் பெட்டி கையில் இருந்தது. வசந்தினி தேத்தண்ணீர் ஊற்றினாள். பென்டில் ஹில்லில் ஒரு மளிகைக் கடையின் குளிர் அறையில் பெட்டி அடுக்கும் வேலை கிடைத்திருப்பதாகவும், ராகவியையும் பிள்ளைகளையும் இங்கேயே விட்டுவிட்டுப் போவதாகவும் சொன்னான். பெடியள் பள்ளிக்கூடம் மாற அழுகிறார்கள் என்றான். கோப்பையைக் கீழே வைத்தான்.

"அண்ணை, உங்களிட்ட ஒண்டு கேக்கோணும். கோவிக்கக் கூடாது."

"கேள்."

"நீங்கள் பதினொண்டரை எண்டு சொன்னதை நான்தான் பதிமூண்டரை எண்டு எழுதிப்போட்டன் போல. ரெண்டும் ஒரே மாதிரித்தானே கேக்கும். மற்றக் கார் எல்லாத்துக்கும் பதினொண்டரை எண்டுதான் எழுதியிருக்கிறன். நான் ஒருக்கா யோசிச்சிருக்கோணும். என்ர பிழைதான். உங்கட பேரையும் பழுதாக்கிப்போட்டன்."

யசோதரன் கையில் குழாய் ஏற்றிய இடத்து வீக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.

"போனில சில நேரம் வடிவா விளங்காதுதான்," என்றான்.

லதீஸ் தலையாட்டினான். அந்தச் சொல் அவனுக்கு ஆறுதலாக இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. எழுந்து, "போட்டு வாறன் அண்ணை, வாறன் அக்கா," என்றுவிட்டுப் போனான்.

கார் தெரு முனை திரும்பும் வரை வசந்தினி யன்னலடியில் நின்றாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்.

"நான் பக்கத்தில இருந்தனான். நீங்கள் பதிமூண்டரை எண்டுதானே சொன்னீங்கள். ரெண்டு தரம்."

"ஓம்."

"தெரிஞ்சுதான் சொன்னீங்களோ?"

"ஓம்."

அவள் லதீஸ் பாதி குடித்த கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். ஏச்சு வரும் என்று அவன் காத்திருந்தான். வரவில்லை. சண்டை பிடித்திருந்தால் விக்னராஜா தனக்குச் செய்ததையெல்லாம் அவன் எடுத்துச் சொல்லியிருப்பான். சொல்ல அவள் இடம் கொடுக்கவில்லை.

அடுத்த செவ்வாயிலிருந்து அவள் மெஷினடிக்கு வருவதில்லை. நோயாளிகளை ஏற்றும் சிறிய பஸ் வாசலுக்கு வருகிறது, அவன் அதில் போய் வருகிறான். வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்து அவள் நேரே ராகவி வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள், ராகவி இப்போது கடையொன்றில் வேலைக்குப் போவதால். அங்கே அவள் உண்மையைச் சொன்னாளா என்று யசோதரனுக்குத் தெரியாது. கேட்கப் பயம்.

சொல்லவில்லை என்றுதான் படுகிறது. ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் லதீஸ் சிட்னியிலிருந்து இன்னும் போன் எடுக்கிறான். குளிர் அறைக்குள் நின்று நின்று விரல் நுனிகள் மரத்துப்போகுது, ஸ்பானர் பிடித்த கை இனி ஒன்றுக்கும் உதவாது போலிருக்குது, என்று சிரித்துக்கொண்டே சொல்லுவான். பிறகு, "உங்களுக்கு எப்பிடி அண்ணை, ஏதும் வேணுமோ?" என்று கேட்பான்.

"இல்லை, ஒண்டும் வேண்டாம்," என்பான் யசோதரன். "நீ கையுறை ரெண்டாப் போடு."